ஆறு தம்ளர் வாரியம்

இதை எரிச்சலில்தான் எழுதுகிறேன். பொதுநலம், சமூக அக்கறை என்றெல்லாம் சொல்லிக்கொள்ளப் போவதில்லை. நீர்மெய்ப்பு வாரியத்தின் படியில் ஒரு தடவை ஏறி இறங்கியவர்களுக்கு என் எரிச்சல் புரியும். ஏறாதவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

வாரியம் இருப்பது கடற்கரைப் பக்கம், பிரெஞ்சுக்காரன் கட்டிவிட்டுப் போன மஞ்சள் கட்டடம் ஒன்றில். உயரமான கூரை, உயரமான கதவு, உயரமான நாற்காலி. புதுச்சேரியில் எந்தத் தெருக் குழாயில் கெட்ட தண்ணீர் வருகிறது என்று கண்டுபிடித்துச் சான்று கொடுப்பது அதன் வேலை. அந்தச் சான்று இருந்தால்தான் குழாய்ப் பிரிவு ஆட்கள் கடப்பாரையைத் தொடுவார்கள். வாரியம் தொடங்கி ஏழு வருஷம் ஆகிறது. இந்த ஏழு வருஷத்தில் அது கொடுத்த மாசுச் சான்று ஒன்றே ஒன்று. அதுவும் தவறானது.

முதல் வருஷம் ஒரு தெருவின் தண்ணீர் கெட்டது என்று அறிவித்து இரண்டு நாள் குழாயை அடைத்தார்கள். தண்ணீரில் ஒன்றுமில்லை. சோதனை செய்த பாத்திரத்தில் முந்தின நாள் யாரோ மோர் குடித்துவிட்டுக் கழுவாமல் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். அந்தத் தெருவில் அன்றைக்குப் பெரிய இடத்துக் கல்யாணம். கை கழுவத் தண்ணீர் இல்லாமல் பெரிய மனிதர்கள் சாம்பார்க் கையோடு அரை மணி நேரம் நின்றார்கள். வாரியத்துக்கு விழுந்த திட்டு கொஞ்சநஞ்சமில்லை.

அன்றிலிருந்து வாரியத்துக்கு ஒரே கொள்கை: நல்ல தண்ணீரைக் கெட்டது என்று சொல்லிவிடக் கூடாது. அப்படிச் சொன்னால் அது முதல் வகைப் பிழை. வருஷா வருஷம் அந்தக் கல்யாணத் தேதியில் ‘முதல் வகைப் பிழை ஒழிப்பு நாள்’ கொண்டாடுகிறார்கள். ஊழியர்கள் வலது கையை நீட்டி உறுதிமொழி எடுக்கிறார்கள், மிக்சர் சாப்பிடுகிறார்கள். கெட்ட தண்ணீரை நல்லது என்று சொல்லிவிட்டால் அது இரண்டாம் வகைப் பிழை. அதற்கு நாளும் கிடையாது, உறுதிமொழியும் கிடையாது, மிக்சரும் கிடையாது.

இந்த வாரியத்தில்தான் தனக்கொடி போய் மாட்டிக்கொண்டாள்.

தனக்கொடிக்கு முத்தியால்பேட்டையில் சாயக்காரச் சந்து. தட்டாஞ்சாவடியில் பாட்டில் மூடி செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் மூடிகளைப் பொறுக்கிப் பார்த்துப் பெட்டியில் போடுகிற வேலை. அவள் மகள் அபிக்கு எட்டு வயது, மஞ்சள்காமாலை வந்து கதிர்காமத்தில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். அபியின் அப்பா அன்பழகன் துணைக்கு இருந்தான். சந்தில் இன்னும் ஆறு பிள்ளைகளுக்கு அதே காமாலை. குழாய்த் தண்ணீரில் சாக்கடை வாடை அடிக்க ஆரம்பித்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

“பத்து பன்னண்டு நாள்ல வூட்டுக்கு அனுப்பிடலாம்மா. ஆனா அந்தத் தண்ணியில வாய்கூடக் கொப்புளிக்க வுடாதீங்க. மறுபடி வந்தா ஈரல் தாங்காது” என்று டாக்டர் சொல்லிவிட்டார். பன்னிரண்டு நாளைக்குள் குழாயை மாற்ற வேண்டும். தனக்கொடிக்கு இருந்த ஒரே கவலை அது.

வாரியத்தில் அவளை உட்கார வைத்தவர் கள அலுவலர் நிலவன். நல்ல மனிதர்தான். படித்தவர். அதுதான் வினை.

தனக்கொடி பையிலிருந்து பாட்டிலை எடுத்தாள். விடியற்காலை குழாயில் பிடித்த தண்ணீர், டீ நிறத்தில் இருந்தது. நிலவன் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“உள்ள வைங்கம்மா, உள்ள வைங்க. நாங்க பார்க்கக் கூடாது.”

“ஏன் சார்?”

“பார்த்துட்டா ஒரு எண்ணம் வந்துடும். எண்ணம் வந்துட்டா சோதனை சுத்தமா இருக்காது. தண்ணியில கெடுதி ஒண்ணும் இல்லன்னு மொதல்ல நாங்க வெச்சிக்குவோம். அதுக்கு இன்மைக் கருதுகோள்னு பேரு. நீங்க அதை உடைக்கணும்.”

“நான் எதையும் உடைக்க வர்ல சார். கொழாய மாத்திக் குடுத்தா போதும்.”

“உடைச்சாதான் மாத்த முடியும்.”

“லேபுக்கு அனுப்பினா ஒரு நாள்ல தெரிஞ்சிடுமே சார்?”

“மாசு இருக்குன்னு உறுதியான தண்ணிய மட்டும்தாம்மா லேபுக்கு அனுப்புவோம். நல்ல தண்ணிய எதுக்கு அனுப்பி வெரயம் பண்ணணும்?”

இவர் நம்மைக் கேலி செய்கிறாரோ என்று தனக்கொடி அவர் முகத்தைப் பார்த்தாள். கேலி இல்லை. அவர் நிஜமாகவே அதை நம்பினார். அதற்கப்புறம்தான் அவளுக்குப் பயம் வந்தது.

மறுநாள் நிலவன் சந்துக்கு வந்தார், காலை பதினொன்றரைக்கு. சாயக்காரச் சந்தில் தண்ணீர் வருவது விடியற்காலை ஐந்தரையிலிருந்து ஏழு வரை. வாரியம் திறப்பது பத்து மணிக்கு. இந்த இரண்டுக்கும் நடுவில் நிலவன் என்ன செய்ய முடியும், பாவம். குழாயைத் திறந்தார். புஸ்ஸென்று காற்று வந்தது. ‘மாசு காணப்படவில்லை’ என்று எழுதிக்கொண்டார்.

“தண்ணியே வர்லியே சார்” என்றாள் தனக்கொடி.

“ஆமாம்மா. அதனால மாசும் வர்ல.”

மூன்று நாள் வந்தார். மூன்று நாளும் காற்றில் மாசு காணப்படவில்லை. நான்காம் நாள் தனக்கொடி வாரியத்தின் வாசலில் உட்கார்ந்துவிட்டாள். சந்துப் பெண்கள் பத்துப் பேர் கூடவே உட்கார்ந்தார்கள். வேறு வழி இல்லாமல் இறுதிச் சோதனைக்குத் தேதி கொடுத்தார்கள்.

இந்த இறுதிச் சோதனையை விவரமாகச் சொல்லியாக வேண்டும். மேசையில் ஆறு எவர்சில்வர் தம்ளர் வைப்பார்கள். மூன்றில் தெருக் குழாய்த் தண்ணீர், மூன்றில் கேன் தண்ணீர். புகார் கொடுத்தவர் கண்ணைக் கட்டிக்கொண்டு மோந்து பார்த்து, தெருத் தண்ணீர் எந்த மூன்று என்று சொல்ல வேண்டும். அன்று மட்டும் விதிவிலக்காக நிலவன் விடியற்காலை வந்து குடத்தில் தண்ணீர் பிடித்துச் சீல் வைத்தார். அதற்காக அவருக்கு ஒரு நாள் ஈடுசெய் விடுப்பு கொடுத்தார்கள்.

தனக்கொடி கண்ணைக் கட்டியது வாரிய முத்திரை போட்ட வெள்ளைத் துண்டு. முதல் தம்ளரை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுவருவதற்குள் குமட்டியது.

“இது எங்க தெரு.”

இரண்டாவது, “கேன்.” மூன்றாவது, “கேன்.” நான்காவதை மோந்துகூடப் பார்க்கவில்லை, தூரத்திலேயே கையை ஆட்டினாள். ஆறையும் சொல்லி முடிக்க அரை நிமிஷம் ஆகவில்லை. ஆறும் சரி. சந்துப் பெண்கள் கை தட்டினார்கள். தனக்கொடி துண்டை அவிழ்த்துவிட்டுச் சிரித்தாள். எட்டு நாளில் முதல் தடவையாக.

வாரியத் தலைவர் தெய்வசிகாமணி எழுந்தார். சின்ன வயதில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை, வெள்ளை மீசை. எதையாவது நிரூபித்துவிட்டால் ‘வுவாலா’ என்பார், இதோ பார் என்கிற மாதிரி.

“ஆறு தம்ளரை மூணு மூணா இருபது விதமாப் பிரிக்கலாம். அப்ப ஒண்ணுமே தெரியாதவங்க குத்துமதிப்பாச் சொன்னாலும் இருபதுல ஒரு தடவை சரியா வந்துடும். இருபதுல ஒண்ணுன்னா நூத்துக்கு அஞ்சு. விதி என்ன சொல்லுது? அதிர்ஷ்டத்துல வர்றதுக்கு உள்ள வாய்ப்பு நூத்துக்கு அஞ்சுக்குக் கீழ இருக்கணும். அஞ்சு, அஞ்சுக்குக் கீழ இல்ல. ஆக, கருதுகோள் உடையல. தண்ணி நல்ல தண்ணி. வுவாலா!”

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. தனக்கொடிதான் கேட்டாள். “சார், நான் ஒண்ணாச்சும் தப்பாச் சொன்னனா?”

“இல்லியே. ஆறும் சரி. ரொம்ப அழகாச் சொன்னீங்க.”

“இதுக்கு மேல இன்னா சொன்னா செயிக்கலாம்?”

தெய்வசிகாமணி நிலவனைப் பார்த்தார். நிலவன் விதிப் புத்தகத்தைப் பார்த்தார். ஏழு வருஷத்தில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. நூற்றுப் பதினோரு தெருக்காரர்கள் வந்தார்கள், மோந்தார்கள், தோற்றார்கள். இந்தச் சோதனையில் யாராலும் ஜெயிக்கவே முடியாது என்பது அந்த அறையில் இருந்த எவருக்கும் அன்றுவரை தோன்றவில்லை.

“எட்டு தம்ளரா இருந்தா எழுபது விதம் வரும். அப்ப ஜெயிக்கறதுக்கு வழி உண்டு” என்று நிலவன் முனகினார். அந்த நேரத்தில் அவர் முகம் சற்று மனிதர் மாதிரிதான் இருந்தது.

“அப்ப ரெண்டு தம்ளர் வைங்க சார். வேணும்னா எங்க வூட்டுலேருந்து எடுத்தாறேன்.”

அதற்குத் தலைவர் சிரித்த சிரிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வாரியம் தொடங்கியபோது வாங்கியது பன்னிரண்டு தம்ளர். அதில் ஆறு தணிக்கை ஆட்சேபணையில் அலமாரிக்குள் சீல் வைக்கப்பட்டிருக்கின்றன. வெளித் தம்ளரை உள்ளே விட விதி இல்லை. புதிதாக இரண்டு வாங்குவதென்றால் டெண்டர் விட வேண்டும், இரண்டு தம்ளருக்கு எந்தக் கடைக்காரனும் டெண்டர் போட வரமாட்டான். ஆக, இந்த ஊர்த் தண்ணீர் ஏழு வருஷமாக நல்ல தண்ணீராக இருப்பதற்குக் காரணம் ஓர் அலமாரிப் பூட்டு.

“எங்க கம்பெனியில நூறு மூடி எடுத்துப் பார்ப்போம் சார்” என்றாள் தனக்கொடி. “ரெண்டு மூடி உடைஞ்சிருந்தாலே அந்தப் பெட்டியைத் திருப்பிடுவோம். நல்ல பெட்டியும் சில நேரம் திரும்பிப் போவும். போனா போவுதுன்னு வுட்டுடுவோம். உடைஞ்ச மூடி வெளிய போவக் கூடாது பாருங்க.”

“அது மூடிம்மா” என்றார் தலைவர் கனிவாக. “இது அரசாங்கம்.”

சந்துக்காரர்கள் லேசில் விடவில்லை. ஒருத்தி சொன்னால்தானே அதிர்ஷ்டம் என்கிறார்கள், எல்லோரும் போய்ச் சொல்வோம் என்று இன்னும் பத்தொன்பது பேர் மனுப் போட்டார்கள். அதே குடத்துத் தண்ணீரில் பதினெட்டுப் பேர் ஆறு தம்ளரையும் சரியாகச் சொன்னார்கள். அம்மாவாசை என்கிற பெரியவருக்கு மட்டும் அன்றைக்குக் கடுமையான ஜலதோஷம். அவர் ஒன்றைத் தப்பாக மாற்றிச் சொல்லிவிட்டார்.

இத்தனை பேர் வரிசையாகக் குருட்டு அதிர்ஷ்டத்தில் சரியாகச் சொல்வதென்றால் அது பிரளயம் வரைக்கும் நடக்காது. மூடி பொறுக்குகிறவளுக்கே அது தெரியும். வாரியத்துக்குத் தெரியாது. ஒவ்வொரு மனுவும் தனித்தனிக் கோப்பு. ஒவ்வொரு கோப்பிலும் அஞ்சு, அஞ்சுக்குக் கீழே இல்லை. ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு சான்றிதழ். தனக்கொடியினுடையதையும் சேர்த்தால், ஒரே சாக்கடைத் தண்ணீர் நல்ல தண்ணீர் என்று இருபது தடவை நிரூபணம் ஆனது. வாரியத்தின் சரித்திரத்தில் இது சாதனையாம். விழா எடுத்தார்கள்.

விழாவில் அம்மாவாசைக்குச் சால்வை போர்த்தினார்கள், நடுநிலையோடு மோந்தவர் என்று. அவர் சால்வையில் மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு தெய்வசிகாமணி பேசினார். அந்தப் பேச்சை நான் ஒரு எழுத்தும் மாற்றாமல் தருகிறேன்.

“நண்பர்களே, இந்த ஏழு வருஷத்துல முதல் வகைப் பிழை எத்தனை? ஒண்ணே ஒண்ணு. அதுக்கு நான் எழுத்துல விளக்கம் குடுத்தேன், மூணு ராத்திரி தூங்கல. இரண்டாம் வகைப் பிழை எத்தனைன்னு சில பேர் கேட்கிறாங்க. நம்ம பதிவேட்டுல பாருங்க, ஒண்ணுகூட இல்ல. ஏன்னா அதுக்குப் பதிவேட்டுல பத்தியே இல்ல. நல்ல தண்ணிய நிறுத்தினா பெரிய மனுஷங்க போன் பண்றாங்க. கெட்ட தண்ணிய விட்டா யாரும் போன் பண்றதில்ல. அவங்க ஆஸ்பத்திரியில இருக்காங்க. இதிலேருந்து எந்தப் பிழை பெரிய பிழைன்னு உங்களுக்கே தெரியும்.”

கை தட்டினார்கள். தனக்கொடி எழுந்து வெளியே போய்விட்டாள்.

அபி வருவதற்கு இரண்டு நாள்தான் இருந்தது. அன்று சாயங்காலமே சந்து கூடியது. பிளம்பர் வேலை செய்யும் செம்மல் கடப்பாரையோடு வந்தான். மூன்றடி தோண்டியதும் தெரிந்துவிட்டது. குடிதண்ணீர்க் குழாய் சாக்கடைக்கு நடுவிலேயே படுத்திருந்தது. உள்ளங்கை நீளத்துக்கு விரிசல், அதற்குள் கறுப்பாகச் சேறு. ஏழு பிள்ளைகளின் காமாலை அந்த விரிசல் வழியாகத்தான் வந்தது. பெண்கள் குழிக்குள் எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி அழுதாள், ஒருத்தி வாரியத்தை வாய்க்கு வந்தபடி ஏசினாள். ஏசியவள் பக்கம்தான் நான்.

மறுநாள் மத்தியானத்துக்குள் செம்மல் சாக்கடையை விட்டுத் தள்ளிப் புதுக் குழாய் போட்டான். அதற்கடுத்த காலை தண்ணீர் கண்ணாடி மாதிரி வந்தது. அதே காலை வாரியமும் வந்தது. சோதனை நாள் ஒன்றைத் தவிரப் பத்து மணிக்கு முன்னால் வர முடியாதவர்கள், ஆறு மணிக்கே ஜீப்பில் வந்து இறங்கினார்கள். பதினொரு மணிக்கு வாரியத்தில் விசாரணை.

குற்றச்சாட்டை நிலவன் படித்தார், தலையை நிமிர்த்தாமல். சாயக்காரச் சந்தின் குழாய் நல்ல குழாய் என்று இருபது சான்றிதழ் இருக்கிறது. தோண்டிய பிறகு அதில் விரிசல் இருக்கிறது. ஆக, விரிசல் தோண்டியதால் வந்தது. பொதுச் சொத்துக்குச் சேதம். பழைய குழாயை அதே இடத்தில் மறுபடி பதிக்க வேண்டும், இன்றைக்கே.

“இன்னிக்கு எம் பொண்ணு வருது சார்” என்றாள் தனக்கொடி. அவள் கெஞ்சிக்கொண்டிருக்கிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். “நாங்கதான் உடைச்சோம்னு எப்படி முடிவு பண்ணீங்க? அதுக்கு எத்தினி தம்ளர் வெச்சீங்க?”

தெய்வசிகாமணிக்குக் கோபம் வந்துவிட்டது.

“இதுக்கு எதுக்கும்மா தம்ளர்? இதுக்கெல்லாம் ஒரு சோதனையா? கடப்பாரை இருக்குது, குழி இருக்குது, உடைஞ்ச குழாய் இருக்குது. கண்ணால பார்த்தாலே தெரியுதே!”

அறையில் தட்டச்சுச் சத்தம் நின்றது. தட்டச்சர் அஞ்சலாட்சி இருபது சான்றிதழையும் வாய் பேசாமல் அடித்துக் கொடுத்தவர்.

“சார், அப்படியே பதியட்டுங்களா?”

“பதியுங்க. ‘கண்ணால் பார்த்தாலே போதும், சோதனை தேவையில்லை.’ தலைவர் தீர்ப்புன்னு கொட்டை எழுத்துல பதியுங்க.”

அஞ்சலாட்சி பதிந்தார். தனக்கொடி பையிலிருந்து பாட்டிலை எடுத்தாள். டீ நிறத்துக்கு அடியில் இப்போது இரண்டு விரல் கறுப்பு வண்டல் இறங்கியிருந்தது. மேசையில் தலைவருக்கு நேராக வைத்தாள்.

“அப்ப இதையும் பாருங்க சார்.”

தெய்வசிகாமணி மின்விசிறியைப் பார்த்தார். சன்னலைப் பார்த்தார். சுவரில் தொங்கிய தேசத் தலைவர்களின் படங்களை வரிசையாகப் பார்த்தார். பாட்டிலை மட்டும் பார்க்கவில்லை.

விசாரணையில் வைத்த பொருளைக் கோப்போடு சேர்க்க வேண்டும் என்பது விதி. அஞ்சலாட்சி விதிப்படி பாட்டிலைக் கோப்பின் மேல் நாடா போட்டுக் கட்டினார். உத்தரவு செல்ல வேண்டுமானால் தலைவர் ‘இணைப்பைப் பார்த்தேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பார்த்தேன் என்று எழுதினால் அவர் தீர்ப்புப்படியே தண்ணீர் கெட்ட தண்ணீர், இருபது சான்றிதழும் பொய். பார்க்கவில்லை என்றால் உத்தரவு செல்லாது. குழியோரம் பழைய குழாயோடு காத்திருந்த குழாய்ப் பிரிவு ஆட்கள் சாயங்காலம் வரைக்கும் பீடி பிடித்துவிட்டுக் கிளம்பினார்கள்.

நான்கு மாதம் ஆகிறது. கோப்பு அதே மேசையில்தான் இருக்கிறது. தெய்வசிகாமணி நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்து அலுவல் பார்க்கிறார். கேட்டால் முதுகுவலி என்கிறார். இதைக் கேள்விப்பட்ட மற்றத் தெருக்காரர்கள் மனு எழுதுவதை விட்டுவிட்டு, ஆளுக்கொரு பாட்டிலோடு அவருடைய சுவர்ப் பக்கமாக வரிசையில் நிற்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

அபி அந்த விசாரணை நாள் சாயங்காலமே வந்துவிட்டாள். கன்னம் ஒட்டி, கண்ணில் மஞ்சள் இன்னும் லேசாக மிச்சம் இருந்தது. தனக்கொடி காலையில் பிடித்த தண்ணீரைக் காய்ச்சி ஆற்றி வைத்திருந்தாள். பிள்ளை மூக்கைச் சுளித்துக்கொண்டு ரொம்ப நேரம் மோந்து பார்த்தாள். பிறகு கொஞ்சம் குடித்தாள்.

“இன்னா வாடை வருது?” என்று தனக்கொடி மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

“ஒண்ணும் வர்லியேம்மா” என்றாள் அபி. “தண்ணி மாதிரிதான் இருக்குது.”